பழைய ஸ்வீடன் பாய்ப்படகு வாங்கி வைத்துக்கொள்வது எப்படி: ஆல்பின் வேகாவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்டாக்ஹோம் பக்கம் பழைய பாய்ப்படகு வாங்க வருகிறவர்களோடு துணைக்குப் போய்ப் படகு பார்த்துக் கொடுப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் குழந்தைகளோடு தீவுகளுக்குப் போக நினைக்கிற குடும்பங்கள். எல்லோரும் சறுக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான்: முதலில் படகை வாங்கிவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஐம்பது வயதான படகில் வாங்கும் விலை சிறிய தொகை. எதை முதலில் செய்கிறோம், எதை இரண்டாவதாகச் செய்கிறோம் என்பதில்தான் பணம் போகிறது அல்லது மிஞ்சுகிறது.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் படகு ஆல்பின் வேகா. நீளம் 8.25 மீட்டர், அகலம் 2.46, தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் 1.17, எடை சுமார் 2.3 டன். நான்கு பேர் படுக்கலாம். 1979 வரை ஏறக்குறைய 3,450 படகுகள் கட்டப்பட்டன. அதனால் உதிரிப்பாகமும், பழுது பார்த்த அனுபவமும் இன்றும் கிடைக்கின்றன. வேறு படகு வாங்கினாலும் இங்கே சொல்லும் வரிசை பெரிதாக மாறாது.

சொற்களைப் பற்றி ஒன்று. நம் கரையோரத்தில் புழங்கும் பெயர்கள் இந்தப் படகுக்கும் பொருந்துகின்றன, அவற்றையே எழுதுகிறேன். ஏரா என்றால் கீல், அணியம் முன்முனை, அமரம் பின்முனை, ஆஞ்சான் பாயை ஏற்றும் கயிறு, தாமான் பாயைக் காற்றுக்கு ஏற்ப இழுத்துக் கட்டும் கயிறு.

1. படகுக்கு முன்னால் இடம்

முதல் வேலை, படகை எங்கே கட்டப் போகிறோம், குளிர்காலத்தில் எங்கே ஏற்றி வைக்கப் போகிறோம் என்பதைத் தீர்மானிப்பது. இரண்டும் வேறு வேறு இடங்கள். ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஸ்டாக்ஹோமைச் சுற்றியுள்ள படகுக் கழகங்களில் வாடகை குறைவு, ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம். சிலவற்றில் வருடக்கணக்கில் போகும். தனியார் துறைகளில் இடம் சீக்கிரம் கிடைக்கும், காசு அதிகம். படகு வாங்கும் எண்ணம் வந்த அன்றே இரண்டு மூன்று கழகங்களில் பெயரைப் பதிந்துவிடுங்கள். படகு இல்லாமலே பல இடங்களில் பதியலாம்.

கழகத்தில் சேர்ந்தால் இரவுக் காவல் முறையும், பொது வேலை நாட்களும் உண்டு. வருடத்துக்கு ஓரிரு இரவு துறையில் விழித்திருக்க வேண்டிவரும். அதைச் சுமையாக நினைக்க வேண்டாம். அடுத்த படகுக்காரர் எஞ்சினை எப்படிக் குளிர்காலத்துக்குத் தயார் செய்கிறார் என்பதை அந்த இரவுகளில்தான் கற்றுக்கொள்ள முடியும்.

இடம் கேட்கும்போது அகலத்தையும் ஆழத்தையும் எழுதிக் கேளுங்கள். 2.46 மீட்டர் படகுக்கு 2.5 மீட்டர் இடம் போதாது, பக்கவாட்டில் தொங்கும் ரப்பர் உருளைகளுக்கும் இடம் வேண்டும். அப்போதே கழகத்தின் அடிப்பூச்சு விதியையும் கேட்டுவிடுங்கள். 7-ஆம் பகுதியில் அது மறுபடி வரும்.

2. எந்தப் படகு

குடும்பத்துக்கு, கையில் அதிகப் பணமில்லாமல் என்றால் என் முதல் தேர்வு வேகா. ஏரா நீளமானது, சுக்கான் அதன் பின்னாலேயே ஒட்டி நிற்கிறது. ஈயமோ இரும்போ போல்ட் போட்டுத் தொங்கவில்லை. 915 கிலோ இரும்பு ஃபைபர் கிளாஸ் உறைக்குள்ளேயே இருக்கிறது. பால்டிக்கின் பாறைகளில் என்றாவது ஒருநாள் தட்டுவது உறுதி. அன்றைக்கு ஏரா போல்ட் கவலை இருக்காது.

உள்ளே அகலம் வேண்டும் என்றால் மேக்ஸி 77. ஒன்பது மீட்டருக்கு மேல் போக வசதி இருந்தால் ஹால்பெரி-ராஸியின் மொன்சுன் 31. இரண்டுமே நல்ல படகுகள். ஆனால் நீளம் ஒரு மீட்டர் கூடும்போது பாய், கயிறு, பெயிண்ட், வாடகை எல்லாம் சேர்ந்து கூடுகின்றன. முதல் படகுக்கு எட்டு மீட்டர் போதும் என்பது என் கருத்து.

3. பணத்தை இரண்டாகப் பிரிப்பது

நல்ல நிலையில் உள்ள வேகாக்கள், நான் பார்த்த விளம்பரங்களில், பெரும்பாலும் 20,000 முதல் 60,000 குரோனருக்குள் வருகின்றன. உங்களிடம் 60,000 இருந்தால் 30,000-க்கு மேல் படகுக்குக் கொடுக்காதீர்கள். மீதி முதல் வருடத்துக்கு வேண்டும்: இன்சூரன்ஸ், இடம், பாதுகாப்பு உடுப்புகள், பேட்டரி, கயிறுகள், பெயிண்ட், கண்ணில் படாமல் இருந்த ஏதோ ஒன்று.

புதிய டீசல் எஞ்சின் வாங்கிப் பொருத்தினால் படகின் விலையைத் தாண்டிவிடும். புதிய பாய்கள் இரண்டும் அதற்கு அருகில் வரும். ஆகவே 15,000-க்குப் பழுதான எஞ்சினோடு வரும் படகு மலிவு அல்ல. ஓடும் எஞ்சினும் ஓரளவு புதிய பாயும் உள்ள 30,000 குரோனர் படகுதான் மலிவு. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் மலிவானதைப் பார்க்கத்தான் முதலில் போகிறார்கள்.

4. எப்போது தேடுவது

ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிய. காரணம் இரண்டு. படகு இன்னும் தண்ணீரில் இருக்கும், ஓட்டிப் பார்க்கலாம். இன்னும் சில வாரத்தில் கரையேற்ற வேண்டும் என்பதால் குளிர்காலச் செலவைத் தவிர்க்க நினைக்கும் விற்பவர் விலையில் இறங்கி வருவார்.

ஏப்ரல், மே மாதங்களில் எல்லோரும் தேடுவார்கள், விலை ஏறும். அப்போது படகு கரையில் நிற்கும். அடிப்பகுதியைப் பார்க்கலாம், எஞ்சினை முறையாக ஓட்டிப் பார்க்க முடியாது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது: செப்டம்பரில் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து, விலை பேசி, கரையேற்றும் நாளில் அடிப்பகுதியைப் பார்த்த பிறகே மீதிப் பணம் தருவதாக எழுதிக்கொள்வது. நேர்மையான விற்பவர் இதற்கு மறுப்பது அபூர்வம்.

5. விளம்பரமும் தொலைபேசியும்

ப்ளாக்கெட் தளத்தில்தான் பெரும்பாலான விளம்பரங்கள் வரும். படங்களில் மெத்தை உறையும், விளக்கு வெளிச்சத்தில் எடுத்த உட்புறமும் நிறைய இருந்து, எஞ்சின் படம் ஒன்றுகூட இல்லை என்றால் அதுவே முதல் கேள்வி.

போய்ப் பார்ப்பதற்கு முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை இவை. எந்த வருடம் முதல் உங்களிடம் இருக்கிறது? எஞ்சின் பழைய பெட்ரோலா, வால்வோ பென்டாவின் எம்டி6ஏ டீசலா, மாற்றியதா? பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை எந்த வருடம் மாற்றினீர்கள்? கடைசியாக எப்போது தண்ணீரில் இருந்தது? இப்போது உங்கள் பெயரில் இன்சூரன்ஸ் உண்டா?

கம்பி மாற்றிய வருடம் தெரியாது என்று பதில் வந்தால், மாற்றவே இல்லை என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வருடமாகக் கரையில் நிற்கும் படகு என்றால் எஞ்சின், பம்ப், கடல்நீர் வால்வு மூன்றும் இறுகியிருக்கும் என்று வைத்துக்கொண்டே போக வேண்டும்.

இன்னொரு விஷயம்: படகு வாழ்ந்த கடல். ஸ்டாக்ஹோம் பக்கம் தண்ணீரில் உப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கோத்தன்பர்க் பக்கம் மேற்குக் கரையில் அதைவிடப் பல மடங்கு. கடல்நீரையே நேரடியாகக் குளிர்விக்க இழுக்கும் பழைய எஞ்சின், மேற்குக் கரையில் வாழ்ந்திருந்தால் உள்ளே அதிகமாக அரித்திருக்கும்.

6. நேரில்: முதலில் கழிவறைக் கதவு

வேகாவின் பாய்மரம் அடிவரை இறங்குவதில்லை. கூரையின் மேல் நிற்கிறது. அதன் சுமையைக் கூரைக்கு அடியில் குறுக்கே ஓடும் ஒரு மரத்தூலம் தாங்கி, பக்கத் தட்டிகளுக்குக் கடத்துகிறது. ஐம்பது வருட இறுக்கத்தில் அந்தத் தூலம் கீழ்நோக்கி வளைவது இந்தப் படகின் தெரிந்த குறை. ஆகவே உள்ளே இறங்கியதும் மெத்தையைப் பார்க்காதீர்கள். நேராக முன்பக்கம் போய், தூலத்துக்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள்.

ஒரு படகில் கதவு வெண்ணெய் போல மூடியது. வாங்க வந்தவருக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. டார்ச்சைக் கதவின் மேல் விளிம்பில் பிடித்தேன். கதவு முழுவதும் வார்னிஷ் தேன் நிறத்தில் மின்னியது, மேல் விளிம்பு மட்டும் வார்னிஷ் இல்லாத வெளிறிய மரம். ஒரு மூலையில் அரை சென்டிமீட்டருக்கு மேல் சீவியிருந்தார்கள். கதவு மூடவில்லை என்று யாரோ கதவைச் சீவியிருக்கிறார்கள். வளைந்தது தூலம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அதனால் மூன்றையும் பாருங்கள். கதவு மூடுகிறதா, மேல் விளிம்பு சீவப்பட்டதா, தூலத்தின் அடியில் நேரான அளவுகோலை வைத்தால் நடுவில் எவ்வளவு இடைவெளி. பிறகு மேலே ஏறி, பாய்மரத்தின் அடியில் கூரை குழிந்திருக்கிறதா, சுற்றிலும் மெல்லிய வெடிப்புகள் ஓடுகின்றனவா என்று குனிந்து பாருங்கள். மழை பெய்த மறுநாள் போனால் நல்லது. குழியில் தண்ணீர் தேங்கியே காட்டிக்கொடுத்துவிடும்.

குறை இருந்தால் ஓடிவிட வேண்டியதில்லை. பாய்மரத்தை இறக்கி, தூலத்தை மெல்ல உயர்த்தி, எஃகுத் தகடோ அலுமினியமோ கொடுத்து வலுப்படுத்தும் முறை பலரால் செய்து பார்க்கப்பட்டது. ஸ்வீடனிலும் பிரிட்டனிலும் வேகா உரிமையாளர்கள் இதைப் படத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது ஒரு குளிர்காலத்து வேலை. அந்த வேலையின் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

7. அடிப்பகுதி

படகு கரையில் நிற்கும்போது பிளாஸ்டிக் தலை உள்ள சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே நடங்கள். நல்ல ஃபைபர் கிளாஸ் கணீரென்று பேசும். உள்ளே அடுக்கு பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். ஏராவின் முன்விளிம்பில் நிதானமாகத் தட்டுங்கள், பாறையில் மோதுவது அங்கேதான். பழைய ஒட்டு இருப்பது தவறல்ல. ஒட்டின் ஓரத்தில் துரு நிறத்தில் நீர் கசிந்து காய்ந்திருந்தால், உள்ளே இருக்கும் இரும்புக்குத் தண்ணீர் போகிறது என்று பொருள். அந்தப் படகை விட்டுவிடுவது நல்லது.

சிறு கொப்புளங்கள் தெரிந்தால் ஒன்றைக் குத்தச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். வினிகர் நெடியுள்ள நீர் வந்தால் அது நீர்க்கொப்புள நோய். பத்துப் பதினைந்து கொப்புளம் படகை மூழ்கடிக்காது. உடம்பு முழுக்க இருந்தால் பல மாத வேலை.

சுக்கானை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டுங்கள். மெல்லிய ஆட்டம் இருக்கும். கடகடவென்று சத்தம் வந்தால் அடியில் தாங்கும் உலோகப் பாகம் தேய்ந்திருக்கிறது.

அடுத்து அடிப்பூச்சு. பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க ஒருகாலத்தில் பூசிய டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் ஸ்வீடனில் சிறு படகுகளுக்கு 1989-இல் தடை செய்யப்பட்டது. 1970-களில் கட்டிய படகில், யாரும் சுரண்டி எடுக்காதிருந்தால், அது இன்னும் கீழ் அடுக்கில் இருக்கலாம். பல கழகங்கள் பூச்சிலுள்ள உலோகத்தைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவியால் அளந்து, சுத்தம் செய்த சான்று இல்லாத படகுக்கு இடம் தருவதில்லை. விற்பவரிடம் அந்த அளவீட்டுத் தாளைக் கேளுங்கள். இல்லை என்றால் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில் விழும், அது சிறு செலவல்ல. மேலாரன் போன்ற நன்னீர் ஏரிகளில் நச்சுள்ள பூச்சு எதற்குமே அனுமதி இல்லை.

8. டெக்கும் ஜன்னலும்

டெக்கில் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். காலுக்கடியில் மெத்தென்று அமுங்கும் இடத்தில் உள்ளே நீர் இறங்கியிருக்கிறது. கம்பித்தூண்களின் அடியிலும், கயிறு பிடிக்கும் உலோகங்களைச் சுற்றியும் முதலில் பாருங்கள், துளையிட்ட இடமெல்லாம் நீர் நுழையும் வழி.

ஜன்னல் சட்டத்தின் கீழே உட்பக்கம் கறை இருந்தால் ரப்பர் மாற்ற வேண்டும். வேகாவில் அது ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. ஓய்வு நாளில் செய்யக்கூடிய வேலை. விலை பேச உதவும், வாங்காமல் இருக்கக் காரணமாகாது.

9. எஞ்சின்

போகும் முன்பே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் எஞ்சின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டிவிட்டார். குளிரில் கிளம்பச் சிரமப்படும் எஞ்சினாக இருக்கலாம்.

கிளம்பியதும் இரண்டைப் பாருங்கள். பின்னால் புகைக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டுத் துப்புகிறதா என்பது முதலாவது. துப்பவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், குளிர்விக்கும் பம்ப் ஓடவில்லை. இரண்டாவது புகையின் நிறம். முதல் நிமிடம் கொஞ்சம் புகை வரலாம். சூடான பிறகும் நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது, கறுப்பாக வந்தால் எரிபொருள் முழுதாக எரியவில்லை, வெள்ளை விடாமல் வந்தால் உள்ளே நீர் போகலாம்.

வேகாவில் இன்னொரு தனித்தன்மை உண்டு. பல படகுகளில் காம்பி என்ற ஏற்பாடு இருக்கிறது: பின்னோக்கிப் போகத் தண்டு திசை மாறிச் சுழல்வதில்லை, நீருக்குள் படகைத் தள்ளும் விசிறியின் இலைகளே திரும்புகின்றன. நல்ல ஏற்பாடு, பாயில் ஓடும்போது இலைகளை நீரோட்டத்தோடு நேராக்கிக்கொள்ளலாம். ஆனால் உதிரிப்பாகம் எளிதில் கிடைக்காது. படகு கரையில் நிற்கும்போது ஒருவர் உள்ளே கைப்பிடியை நகர்த்தட்டும், நீங்கள் வெளியே இலைகளைப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திரும்ப வேண்டும். ஒவ்வொன்றையும் விரலால் அசைத்து ஆட்டம் எவ்வளவு என்று பாருங்கள்.

பழைய பெட்ரோல் எஞ்சின் இருந்தால் எரிபொருள் ஆவி அடியில் தங்கும் ஆபத்து உண்டு. மூடியைத் திறந்து காற்றாட விட்டு, மோந்து பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யும் பழக்கம் வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு டீசலையே நான் சொல்வேன்.

உள் எஞ்சின் பழுதாகி, பின்னால் தொங்கும் வெளி எஞ்சின் மாட்டிய படகுகளும் விற்பனைக்கு வரும். அமைதியான நாளில் போதும். எதிரலையில் அமரம் தூக்கும்போதெல்லாம் விசிறி காற்றில் சுழலும். துறைக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில்தான் அப்படி நடக்கும்.

10. கம்பி, கயிறு, பாய்

பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பிகளின் கீழ் முனையைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஒரு இழை அறுந்து துருத்தினாலும், துணியின் நூல் மாட்டும். அப்படி ஒன்று மாட்டினால் முழுத் தொகுதியையும் மாற்றக் கணக்கிடுங்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்றுவது பொதுவான வழக்கம்.

பாயைத் தரையில் விரித்து, மடிப்பில் விரலால் இழுத்துப் பாருங்கள். தையல் நூல் நகத்தால் சுரண்டினால் அறுகிறதென்றால் வெயில் தின்றிருக்கிறது. துணி நன்றாக இருந்தால் மறுதையல் போட்டால் போதும். ஆஞ்சானும் தாமானும் நைந்திருந்தால் கவலையில்லை, அவை மலிவு.

11. ஓட்டிப் பார்ப்பது

ஒரு மணி நேரமாவது வேண்டும், காற்று ஓரளவு வேண்டும். காற்றுக்கு எதிரே சாய்வாக ஓட்டும்போது கீழ்ப்பக்கக் கம்பி எவ்வளவு தளர்கிறது என்று பாருங்கள். மிகவும் தொளதொளத்தால் கம்பி தளர்ந்திருக்கலாம், தூலம் இறங்கியும் இருக்கலாம். ஒருவர் உள்ளே போய், அந்தச் சாய்விலேயே கழிவறைக் கதவை மறுபடி மூடிப் பார்க்கட்டும். கரையில் மூடிய கதவு இங்கே மூடாமல் போனால் பதில் கிடைத்துவிட்டது.

காற்று கூடும்போது வேகாவின் சுக்கான் கையில் கனக்கும், அணியம் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். இது பழுதல்ல. பெரிய பாயைச் சீக்கிரமே சுருக்கக் கற்றுக்கொண்டால் படகு நிமிர்ந்து ஓடும்.

திரும்பி வந்ததும் தரைப்பலகையைத் தூக்கி அடிக்குழியைப் பாருங்கள். புறப்படும்போது காய்ந்திருந்த இடத்தில் நீர் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பணம் தராதீர்கள்.

12. காகிதங்கள்

ஸ்வீடனில் 12 மீட்டருக்கும் 4 மீட்டர் அகலத்துக்கும் உட்பட்ட உல்லாசப் படகுக்குக் கட்டாயப் பதிவு கிடையாது, ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. வசதிதான், ஆனால் விற்பவர்தான் உண்மையான உரிமையாளர் என்று காட்டும் அரசு ஏடு எதுவும் இல்லை. ஆகவே அவர் வாங்கியபோது எழுதிய ஒப்பந்தம், அவர் பெயரில் இன்சூரன்ஸ், கழக ரசீது, அடையாள அட்டை நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். திருட்டுப் படகும் திருட்டு எஞ்சினும் சந்தைக்கு வருவது உண்டு.

ஒப்பந்தத்தில் படகின் எண், எஞ்சின் எண், கூட வரும் பொருட்களின் பட்டியல், கடன் பாக்கி ஏதுமில்லை என்ற வரி, தேதியோடு நேரம் எல்லாம் இருக்கட்டும். நேரம் ஏன் என்றால், உங்கள் இன்சூரன்ஸ் அந்த நிமிடத்திலிருந்து தொடங்க வேண்டும். வாங்கும் முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்தை அழைத்து, இந்த வயதுப் படகை எடுத்துக்கொள்வார்களா, சோதனை அறிக்கை வேண்டுமா என்று கேட்டு வைத்திருங்கள்.

தனிநபரிடம் வாங்கும்போது 1990-ஆம் ஆண்டு விற்பனைச் சட்டம் பொருந்தும். மறைந்திருந்த குறையை இரண்டு வருடம் வரை முறையிட இடமுண்டு. ஆனால் வாங்கும் முன் சோதித்தவர், சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பிறகு சொல்ல முடியாது. அதனால் சோதித்ததைப் படம் எடுத்து, விற்பவர் வாய்மொழியாகச் சொன்னதைக் குறுஞ்செய்தியிலாவது எழுத்தாக வாங்கி வையுங்கள்.

13. முதல் கோடை: எதையும் பிரிக்காதீர்கள்

புதிதாக வாங்கியவர்கள் படகைக் கொண்டுவந்த வாரமே கூரைத் துணியைக் கிழித்து, சமையலடுப்பைக் கழற்றி, வயர்களைப் பிடுங்கிவிடுகிறார்கள். ஜூலை முழுக்கப் படகு துறையிலேயே நிற்கும். ஒரு கோடை ஓட்டினால்தான் எது உண்மையில் தொல்லை, எது கண்ணுக்கு மட்டும் உறுத்தல் என்று பிரியும்.

முதல் கோடையில் செய்ய வேண்டியது குறைவு. நீர் இழுக்கும் பம்பின் ரப்பர் சக்கரத்தையும் டீசல் வடிகட்டியையும் மாற்றுங்கள், மாற்றுச் சக்கரம் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். எல்லாக் கடல்நீர் வால்வுகளும் கையால் திறந்து மூடுகின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த அளவு மரக்கூம்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். குழாய் உடைந்தால் அடைக்க அதுதான் கைகொடுக்கும். குழந்தைகள் இருந்தால் ஓரக் கம்பிகளுக்கு வலை கட்டுங்கள். துறைப்பலகையில் நடக்கும்போதும் மிதவை உடுப்பு உடலில் இருக்க வேண்டும், மே மாதத் தண்ணீர் அவ்வளவு குளிர்.

கழிவறைத் தொட்டியைக் கடலில் கொட்டுவதற்கு 2015 ஏப்ரல் 1 முதல் ஸ்வீடனில் தடை. பழைய படகில் நேரே கடலுக்குப் போகும் குழாய் இருந்தால் மூடிவிட்டு, கையில் தூக்கும் பெட்டிக் கழிவறை வைத்துக்கொள்வதே எளிது.

தீவில் தங்கும்போது இங்கே அணியத்தைப் பாறைக்குக் கொடுத்து, பின்னால் நங்கூரம் போட்டு நிறுத்துவது வழக்கம். நங்கூரத்தை முன்கூட்டியே, பாறைக்கு நான்கைந்து படகு நீளத் தொலைவிலேயே இறக்கத் தொடங்குங்கள். கிட்டே வந்து இறக்குவதால்தான் புதியவர்கள் பாறையில் இடிக்கிறார்கள்: கயிறு போதாமல் நங்கூரம் பிடிக்காது, படகும் நிற்காது. பறவைக் காப்புப் பலகை உள்ள தீவுகளில் இறங்காதீர்கள். பலவற்றில் பிப்ரவரி 1 முதல் ஆகஸ்ட் 15 வரை அருகே போகவே தடை.

கடல்மீட்புச் சங்கத்தில் முதல் நாளே உறுப்பினராகிவிடுங்கள். எஞ்சின் நின்றுபோய்க் காற்றும் இல்லாத மாலையில், ஆபத்து வரும் முன்பே அழைத்தால், தன்னார்வலர்கள் வந்து இழுத்துப்போவார்கள். அவர்கள் செய்கிற வேலைக்கு அந்தச் சந்தா மிகக் குறைவு.

14. குளிர்காலம்

அக்டோபரில் கரையேற்றியதும் அன்றே அடியைக் கழுவுங்கள். ஈரமாக இருக்கும்போது ஒரு மணி நேரத்தில் போகும் பாசி, காய்ந்தால் வசந்தத்தில் ஒரு நாள் சுரண்டல்.

எஞ்சினில் இந்த வரிசை முக்கியம். முதலில் சூடாக ஓட்டி எண்ணெயை மாற்றுங்கள், சூட்டில்தான் அழுக்கோடு வடியும். பிறகு வாளியில் கலந்த உறைவுத் தடுப்பானைக் குழாய் வழியே உறிஞ்சவிட்டு, புகைக்குழாயில் நிறம் வரும்வரை ஓட்டுங்கள். சூடானால் மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வு மூடியிருந்தால் திரவம் சுற்றிவிட்டு வெளியேறும், உள்ளே பழைய நீரே நிற்கும். ஆகவே எஞ்சின் நன்றாகச் சூடாகி வால்வு திறந்த பிறகு ஊற்றுங்கள். மறந்த ஒரு கோப்பைத் தண்ணீர் ஜனவரியில் உறைந்து இரும்பைப் பிளந்துவிடும்.

குடிநீர்த் தொட்டி, கைப்பம்ப், கழிவறை எல்லாவற்றையும் வடியுங்கள். பேட்டரியும் மெத்தையும் வீட்டுக்கு. தார்ப்பாயை மரச்சட்டத்தின் மேல் செங்குத்தான சரிவில் போடுங்கள். சரிவு போதாவிட்டால் பனி தங்கி சட்டத்தை உடைக்கும். இரு முனையிலும் காற்று போகத் திறப்பு விடுங்கள். இறுக மூடிய படகு மார்ச்சில் பூஞ்சை நெடியோடு திறக்கும்.

6-ஆம் பகுதியில் சொன்ன தூல வேலை இருந்தால் இதுதான் காலம். பாய்மரம் எப்படியும் இறக்கப்பட்டிருக்கும். இறக்கும் முன் ஒவ்வொரு கம்பியிலும் அதன் இடத்தை எழுதிய நாடா கட்டுங்கள், இறுக்கும் திருகின் நிலையைப் படம் எடுங்கள்.

15. தண்ணீரில் இறக்கும் நாள்

ஏப்ரல் கடைசியில் கழகம் கிரேன் வரவழைக்கும். உங்கள் முறை சில நிமிடம்தான், எல்லாம் முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும்: வால்வுகள் மூடியிருக்க, குழாய்ப் பிடிகள் இறுக்கியிருக்க, பேட்டரி மாட்டியிருக்க, கயிறுகளும் உருளைகளும் இரு பக்கமும் கட்டியிருக்க.

படகு நீரைத் தொட்டதும், கிரேன் பட்டைகளில் இன்னும் தொங்கும்போதே ஒருவர் உள்ளே இறங்கி, ஒவ்வொரு வால்வையும் சுக்கான் தண்டையும் விசிறித் தண்டையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கிரேன்காரர் அவசரப்படுத்துவார். நீங்கள் அவசரப்படாதீர்கள். காய்ந்திருக்கிறது என்று உள்ளிருந்து குரல் வந்த பிறகே பட்டையை விடச் சொல்லுங்கள்.

அன்றே பாய்மரத்தை நிறுத்தி ஓடிவிட நினைக்காமல், முதல் இரவு படகிலேயே தூங்குங்கள். இரவு பத்து மணிக்கு ஒருமுறை, விடியும்போது ஒருமுறை தரைப்பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு முறையும் அடிக்குழி காய்ந்திருந்தால், காலையில் எஞ்சினை ஓட்டிப் பாய்மரக் கிரேனுக்குப் போகலாம்.